வெறும் பட்டணம்

"சனங்கள் எங்கே? கேள்"
என்றார் தேசாதிபதி வான் ஹெல்மொண்ட்.
துபாஷி நான். யாரைக் கேட்பேன்?
கண்டிப் பெருந்தெருவில் ஒரு கோழி நின்றது.
எனக்குத் தெரிந்த மூன்று பாஷையும் அதற்குத் தெரியாது.
"பயந்து ஓடிவிட்டார்களாம், துரை" என்றேன்.

மூன்று கிழமை மழைக்குள் ஏறிவந்தோம்.
அட்டை கழன்ற புண்ணில் சுண்ணாம்பு,
சுண்ணாம்பின் மேல் மறுபடி அட்டை.
வந்து சேர்ந்த தலைகளைக் கணக்கப்பிள்ளை இருதரம் எண்ணி
இரண்டு தொகை எழுதினான்.

அரண்மனைக் கதவுக்கென்றே பீரங்கி இழுத்து வந்திருந்தோம்.
தள்ளியதும் திறந்தது.
உள்ளே விளக்கில் பாதி எண்ணெய்.
தாம்பாளத்தில் வெற்றிலை, காம்பு கிள்ளியபடி.

அன்றிரவு ராசாவின் கட்டிலில் படுத்தார்.
கட்டில் குட்டை; துரையோ நெடியவர்.
சப்பாத்துக் கால் இரண்டும் வெளியே தொங்கின.
"கண்டியின் கழுத்தில் என் கால்" என்று
பத்தாவியாவுக்கு எழுதச் சொன்னது
அந்தக் கால்களைத்தான்.

விடிந்தால் எனக்கு வேலை,
முற்றத்தில் நின்று விளம்பரம் வாசிப்பது.
தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம்.
கறுவா எல்லாம் கும்பனிக்கு. கரையெல்லாம் கும்பனிக்கு.
இதனால் சகலரும் அறிக.
எதிர்மலை மட்டும் "றிக, றிக" என்றது.
இரவில் அதே மலைமேல் சின்னச் சின்னத் தீ.
எண்ணாதே என்றார். நான் எண்ணினேன்.

பத்தாம் நாள் காய்ச்சல்.
கம்பளிக்குள் கிடந்து பிள்ளைபோல் பேசினார்:
மார்கழியில் அவர் ஊர் வாய்க்கால் கல்லாகிவிடுமாம்,
காலில் இரும்பு கட்டிக்கொண்டு
அக்காளோடு அதன்மேல் வழுக்கி ஓடுவாராம்,
ஒருநாள் கல் பிளந்ததாம்.
அக்காளின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.
"இதையும் வாசி" என்றார்.

நடுச்சாமம். கொட்டும் மழை.
இறங்கிப்போய் வாசித்தேன்,
தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம்.
தண்ணீர் கல்லாவதற்கு என்னிடம்
இரண்டிலும் சொல் இல்லை.
மலையில் தீ ஒவ்வொன்றாய் அணைந்தது.
மழையாலாய் இருக்கும்.

டோலியில் கட்டி அவரை இறக்கினோம்.
கெட்டம்பே துறை தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.
பட்டணத்துக் கூரைகளுக்கு மேலே புகை.
கண் திறக்காமலே அவருக்கும் மணந்திருக்கிறது.
"கொளுத்திவிட்டோமா?" என்றார்.

வீட்டுக்கு வீடு அடுப்பு.
யாரோ வெங்காயம் தாளிக்கிறார்கள்.

"ஆமாம் துரை" என்றேன்.
இருபது வருட உத்தியோகத்தில்
இட்டுக்கட்டிச் சொன்னது
அது இரண்டாந்தரம்.