நான்காவது நிரல்

பயிற்சிப் பதிவேட்டில் நான்கு நிரல்கள்.
பார்த்தேன்.
கைகொடுத்தேன்.
கண்காணிப்பில் செய்தேன்.
தனியே செய்தேன்.
ஓரத்தில், நிபுணரின் கையொப்பத்துக்கு
ஒரு விரல் அகல வெள்ளை.

கொழும்பில் ஃபர்ஸானாவுக்கு
முதல் இரண்டு நிரல்களும் பக்கம் தாண்டி வழிகின்றன.
மேசையைச் சுற்றி ஆறு பேர், அவள் ஐந்தாமவள்.
கமெரா பிடித்துப் பிடித்து
மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம் என்கிறாள்.
ஆனால் திங்கள்தோறும் வகுப்பு,
செய்த பிழையை எல்லார் முன்னும்
பிரித்துப் பார்க்க ஒரு புதன்கிழமை.
சிலிக்கன் கர்ப்பப்பையில்
இருபது தடவை தைத்துப் பழகியிருக்கிறாள்.
இரத்தம் வராத கர்ப்பப்பை.

எனக்கு, நுவரெலியாவில்,
எட்டு மாதத்தில் நிரம்பிவிட்டது நான்காவது நிரல்.
"உனக்கென்னடி, கை ஓடுது" என்கிறாள்.
ஓடுகிறது.
எங்கே ஓடுகிறதென்று பார்த்துச் சொல்லத்தான்
ஆளில்லை.

ஆடி மாதத்து வெள்ளி, இரவு ஒன்பதே கால்.
நிபுணர் கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.
குற்றம் சொல்லமாட்டேன்.
பன்னிரண்டு நாளாய் அவர் ஒருவர்தான்.
மற்றவர் வெளிநாடு போய் ஒரு வருடம்,
அவர் நாற்காலியில் இப்போது கையுறைப் பெட்டிகள்.

கனகேஸ்வரி, முப்பத்தொரு வயது, மூன்றாவது சீசர்.
மேற்பிரிவு லயத்திலிருந்து
கொழுந்து லொறியில் வந்தவள்.
பிள்ளை அழுதது.
கர்ப்பப்பை இறுகவில்லை.
ஊசி போட்டோம், இன்னொன்று போட்டோம், பிசைந்தேன்.
மழையில் ஊறிய சாக்காய்க் கிடந்தது கைக்குள்.

தியேட்டர் ஊழியர் ராயப்பன்
போனை என் காதோடு சேர்த்துப் பிடித்தார்.
"அமத்திப் பிடிச்சிருக்கிறீரோ? சரி.
கீழ இருந்து குத்தும். மேல கொண்டு வாரும்.
உச்சிக்கு மேலால சுத்தி, பின்பக்கம்"

றம்பொடை வளைவில்
மலை அவர் குரலை எடுத்துக்கொண்டது.

பின்பக்கம்?
புத்தகத்துப் படம் முன்பக்கத்தைத்தான் காட்டும்.
மயக்க மருந்து டொக்டர் ஓர் எண்ணைச் சொன்னார்.
கொஞ்சம் பொறுத்து
அதைவிடச் சின்ன எண்ணொன்றைச் சொன்னார்.

ஊசி எங்கெல்லாம் போகக்கூடாதோ
அங்கெல்லாம் போகாமல்
மிஞ்சிய வழியால் கொண்டுபோனேன்.
தாதி இரு கையாலும் அமத்த, இழுத்துக் கட்டினேன்.
இறுகியது.

மாசியில் ஒருத்திக்கு இறுகவில்லை.
அவளும் நான்காவது நிரலில்தான் இருக்கிறாள்,
அதே அளவுக் கட்டத்தில்.

திங்கட்கிழமை,
கார் பொனட்டில் வைத்து
ஒரே மூச்சில் நாற்பது கையொப்பம்.
அந்த வரியில் மட்டும் பேனா நின்றது.
"இதை மூன்றாவதில போடும்.
நான் லைன்ல இருந்தனான் தானே."
வளைவு வரைக்கும், என்று நான் சொல்லவில்லை.
அவரே கேட்டார்: "பிறகு எப்பிடிச் செய்தனீர்?"
காற்றில் விரலால் வரைந்து காட்டினேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"பின்னால இன்னும் ஒரு விரல் கீழ எடுத்திருக்கலாம்."

எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்
பொனட்டின் சூடு ஆறுமுன் முடிந்தது.

மார்கழியில் ஃபர்ஸானாவும் நானும்
ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாள் எழுதுவோம்.
அவளுக்கு விடை தெரிந்திருக்கும்.
எனக்கு அதன் வழுக்கல் தெரிந்திருக்கும்.
சித்தியடைந்தால் இருவருக்கும்
ஒரே எழுத்தில் அச்சாகும் பட்டம்.

அன்றிரவு கடைசித் தையல் போட்டு
நிமிர்ந்தபோதுதான் கண்டேன்:
ராயப்பன் இன்னும்
செத்த போனை என் காதில் பிடித்தபடி.
முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா எல்லாத்தயும் சொல்லிட்டாருங்களா, டொக்டர்?"

ஓம் என்றேன்.