ஏழாவது கேள்வி

கிளைப்பெடா துறைமுகத்தில்
லாரிகளின் வயிற்றைப் பார்ப்பது என் வேலை.
தடித்த கான்கிரீட் சுவருக்கு இப்புறம் நான்,
அப்புறம் கதிர்.
திரையில் வரும்: ஆப்பிள் பெட்டிகள், தையல் எந்திரங்கள்,
பலகைக்குள் பலகையாய்ப் பதுக்கிய சிகரெட்டுகள்,
ஒருமுறை, பழைய சோபாவுக்குள்
சுருண்டு உறங்கிய பூனையின் முதுகெலும்பு.
மில்டா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று
சாவடியில் எனக்கொரு பெயர்.

ஜனவரியில், துறைமுகப் படியில்
பனிக்கட்டி காலை வாரிவிட்டது.
இடுப்பெலும்பில் விரிசலோ என்று
ஸ்கேன் எழுதினார்கள்.
நீலப் படிவம். ஏழாவது கேள்வி:
கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?
ஆம். இல்லை. தெரியாது.
வலியில் இருந்தேன். அதோடு
நாலு வருடமாக ஒரே பதிலைச் சொல்லிப்
பழகிய கை.
இல்லை.
அழுத்திப் போட்டேன்,
அடியில் இருந்த தாளிலும் பதிந்திருக்கும்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

பதினாறு நாள் கழித்து
குளியலறையில் இரண்டு கோடுகள்.
தவுத்விடாஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
அவன் தோளுக்கு மேலே என் விரல்கள்
நாளை எண்ணிக்கொண்டிருந்தன.
சறுக்கியது செவ்வாய்.
அதற்கு முந்திய சனிக்கிழமை
மின்சாரம் போய், சீக்கிரம் படுத்துவிட்டோம்.
அப்படியென்றால் அந்த வெள்ளை வளையத்துக்குள்
நான் தனியாகப் போகவில்லை.

வேலைச் சட்டையில் குத்தும் கதிரளவி
அன்று லாக்கரில் தொங்கியது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்து
பூஜ்ஜியம் என்று எழுதி அனுப்புவார்கள்.
இம்முறையும் வந்தது: பூஜ்ஜியம்.
கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது நாள் அவனிடம் சொல்லவில்லை.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
உருளைக்கிழங்கு உரித்தேன்.
அவன் தொட்டிலுக்கு மரம் பார்த்துவிட்டு வந்து
பிர்ச்சா ஓக்கா என்று கேட்டான்.
ஏதோ ஒன்று என்றேன்.

மருத்துவமனையில் கதிர்க் கணக்கு பார்ப்பவள்
ஸ்கைட்ரே. ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்,
விரலில் பீட்ரூட் கறை.
உறையின் பின்புறத்தில் ஒரு கோடு கிழித்து
நூறு என்று எழுதினாள்.
“பயப்படுவதென்றால் இங்கே தொடங்கலாம்.
உங்களுக்கு வந்தது இருபத்திரண்டு.”
எதில் இருபத்திரண்டு என்று சொன்னாள்,
அலகின் பெயர் மறந்துவிட்டது.
அந்தப் பொழுதில் அது சில செல்கள்தான் என்றாள்,
ஒன்று, மொத்தமாகப் போயிருக்கும்;
இல்லை, முழுதாக நின்றிருக்கும்.
போயிருக்கும் என்பது மட்டும் காதில் விழுந்தது.
வீட்டுக்குப் போன பேருந்தின் எண்
இருபத்திரண்டாக இல்லை.
அதற்கே நன்றி சொன்னேன்.

ஒன்பதாம் வாரம். வயிற்றில் குளிர்ந்த பசை.
கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
“இதிலும் கதிரா?”
“ஒலி மட்டும்” என்றாள் அந்தப் பெண்.
“உங்கள் துறைமுகத்தில் மீன் தேடுகிற படகில் இருக்குமே, அது.”
பிழைப்புக்கே திரை பார்க்கிறவள்
சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன்.
சுவரில் போன வருடத்து நாட்காட்டி,
யாரும் கழற்றவில்லை.
“பாருங்கள்.”
நவம்பர் வரை எண்ணி முடித்தேன்.
“பாருங்கள், மில்டா.”

சாம்பல் நிறக் கடல்.
அதில் அவரைவிதை போல் ஒன்று.
அதன் நடுவே ஒரு துடிதுடிப்பு,
தூரத்து மிதவை விளக்கு
காற்றில் பைத்தியம் பிடித்தாற்போல.
என் கண் பழக்கதோஷத்தில் துழாவியது:
எங்கே பலகைக்குள் பலகை,
எங்கே சேராத நிழல்.
எதைத் தேட வேண்டுமென்றே தெரியவில்லை.
முழுதாக இருப்பதன் அடையாளம்
எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வாகன நிறுத்தத்தில் அவனிடம் சொன்னேன்.
படியையும் படிவத்தையும் இருபத்திரண்டையும்.
சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.
கண்ணாடியில் பனி படர்ந்து
வெளியே எல்லாம் மறைந்தது.
“ஒன்பது நாளா?” என்றான். அவ்வளவுதான்.
பிறகு வெப்பத்தைக் கூட்டி
காற்றை என் கால்பக்கம் திருப்பிவிட்டான்.

இப்போது எந்தப் படிவம் கொடுத்தாலும்
கடைசிக் கட்டத்துக்கே கை போகிறது.
நேற்று பல் மருத்துவமனையில் கேட்டார்கள்,
பால் ஒத்துக்கொள்ளுமா?
தெரியாது என்று போட்டேன்.