மழை என்று எழுதியவர்

பட்டர்வொர்த், மாக் மண்டின், ஒன்பதாம் மாடி.
லிப்ட் ஏழோடு நின்றுவிட்டது.
மீதி இரண்டையும்
ஒலிப்பதிவுக் கருவியைக் கக்கத்தில் இடுக்கி ஏறினேன்.

பிறை, பாகான் டாலாம், நிபோங் திபால்:
இந்தக் கரையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள்
நாற்பத்தொரு பேர் என் பட்டியலில்.
ஆறு வீடுகளில் நான் போவதற்குள்
கருமாதியே முடிந்திருந்தது.
ஒருவர் கதவைப் பாதி திறந்து
"நான் வெறும் சமையல்காரன்மா" என்று
மூடிக்கொண்டார்.
அவரையும் பதிந்திருக்கிறேன்,
அந்த ஒரே வரியோடு.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள் நான்.
சொன்னதை மட்டும் அடிக்கப் பழகிய விரல்கள்.
அழுதால், சாட்சி அழுகிறார்.
அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

சவரிமுத்து, வயர்லெஸ் பிரிவு.
பத்து வருடச் சேவை,
பென்ஷனுக்குப் பற்றாத பத்து.
பிறகு இருபத்தாறு வருடம்
தகரத் தொழிற்சாலை கேட்டில் காவல்.
"அங்கேயும் காக்கிதான், அங்கேயும் சல்யூட்தான்,
லாரிக்கு" என்று சிரித்தார்.
சிரிக்கும்போதும்
கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எழுபத்தாறு. எல்லைக் காடு.
"முன்னால ஜொஹாரி, பின்னால நான்.
அவன் வெச்ச எடத்துலதான் நான் கால் வைக்கணும்.
அன்னைக்குக் கொடியில ஆண்டெனா மாட்டிக்கிச்சு.
எடுத்து விட நின்னேன்.
நாலு எட்டு பிந்திட்டேன், அவ்வளவுதான்."

பிறகு பேச்சில்லை.
கருவியில் எண்கள் ஓடின.
பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம்
துணியைச் சுற்றிச் சுற்றி அடித்தது.
ஐம்பத்திரண்டு வினாடி.

"ஹெலிகாப்டர் கூப்பிட்டேன்.
எண் எல்லாம் சரியாச் சொன்னேன்.
குரலே நடுங்கலையேன்னு
மேஜர் தோளைத் தட்டினாரு.
அதைத்தான் இன்னமும்..."

சமையலறையில் தட்டுச் சத்தம் நின்றது.
"எந்த மாசம்?"
ஈரக் கையோடு ஞானப்பூ.

"நவம்பர்."

"நவம்பர்ல ரெண்டு கடுதாசி வந்துச்சு.
மழைன்னு எழுதியிருந்தீங்க.
ரெண்டுலயும் மழைன்னுதான்."

"பெய்ஞ்சுதே."

"சளி பிடிச்சிருக்குமேன்னு
தைலம் வாங்கி அனுப்பினேன்."

"வந்துச்சு. கால்ல தேச்சேன்."

அவள் அந்தக் காலைப் பார்த்தாள்.
முள்கம்பி கிழித்தது என்று
நாற்பத்தெட்டு வருடமாக
நம்பிய தழும்பு.
நான் கருவியை நிறுத்தியிருக்க வேண்டும்.
நிறுத்தவில்லை.

குழு கொடுத்த படிவத்தில்
பெயர், படை எண், பிரிவு, ஆண்டு.
கடைசியில் சின்ன எழுத்தில்:
வீரர் அல்லாதோர் பேச்சை நீக்கவும்.
நீதிமன்றத்திலும் அப்படித்தான்.
பின்வரிசையிலிருந்து யாராவது கத்தினால்
விரலைத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

இரவு ஒரு மணிக்கு அடித்தேன்.
பெயர்: ஞானப்பூ.
படை எண்: ஒரு கோடு இழுத்தேன்.
பிரிவு என்ற கட்டத்தில்
வெகுநேரம் முள் துடித்தது.
பிறகு, கடிதம் பெற்றவர்.

மறுநாள் பசியாறும் நேரத்தில் அழைப்பு.
சவரிமுத்து இல்லை, அவள்.
குரலைத் தாழ்த்திப் பேசினாள்,
பக்கத்தில் அவர் தூங்குகிறார் போல.

"நேத்து ஒண்ணு விட்டுட்டேன்மா.
அந்தத் தைலம்
ஒரு வெள்ளி இருபது காசு.
சீனன் கடையில கடனுக்கு வாங்கினேன்.
அதையும் எழுதிக்கிறியா?"