உண்மை நகல்

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை.
பத்து மணிக்குக் கறுப்புக் கோட்டுகள் வரும்.
ஒன்று இரண்டாகும், இரண்டு இருபதாகும்.
அமீனா அறிக்கை, வில்லங்கச் சான்று,
அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்த
ஒன்றேகால் சென்ட் கிணற்றடி.
பகல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் தின்றால்
கண்ணுக்குப் பசிக்காதா?

மேசைக்கடியில் ஒரு கடவம்.
உள்ளே லூதியானாவிலிருந்து கூரியரில் வந்த கம்பளி நூல்.
விற்றவன் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருந்தான்.
நான் பெயர் வைத்தேன்:
இது செந்துளுவன் தோல்.
இது தோவாளைச் சந்தையில் விற்காமல் மிஞ்சிய வாடாமல்லி.
இது மணவாளக்குறிச்சிக் கருமணல்.
இது பேச்சிப்பாறையில் ஷட்டர் திறந்த மறுநாள்.
இது
வெயிலில் ஒன்றாகவும் ட்யூப்லைட்டில் ஒன்றாகவும் இருக்கிறது.
பெயர் அகப்படவில்லை.

ஐந்து ஊசி, அறுபத்துநாலு கண்ணி.
போனைப் பார்த்துக் கற்றது.
முதல் மாதம் பின்னியதைவிட அவிழ்த்தது அதிகம்.
அவிழ்ப்பதும் சுகம்தான்,
சடை கலைத்த தலைமுடிபோல்
நூல் சுருள்சுருளாக மடியில் விழும்.
குதிகால் திரும்பும் இடம் இருக்கிறதே,
அதைச் சொல்லத் தெரியவில்லை.
நேராகப் போய்க்கொண்டிருந்த ஒரு குழாய்
பத்துப் பன்னிரண்டு வரிசைக்குள்
திடீரென்று மனிதக் கால் ஆகிவிடும்.
அந்நேரம் எந்த வக்கீல் வந்தாலும்
"மெஷின் சூடாயிட்டு, நில்லுங்க" என்பேன்.

"இந்த வேர்வையில ஆருக்குட்டி காலுறை?"
டீக்கடை புஷ்பலீலா கேட்டாள்.
ஆருக்கும் இல்லை.
முதல் சால்வையை மெஷினுக்குப் போர்த்தினேன்.
ஆனிச் சாரலில் தாள் நமுத்துச் சிக்கும் என்று
ஒரு காரணமும் சொல்லிவைத்தேன்.
காலுறை எனக்கு.
மேசைக்கு மேலே, நோட்டரி முன் நிற்கும் முகம்.
மேசைக்குக் கீழே
பத்து விரலுக்கும் கொடியேற்று.

ஒரே தொல்லை இரண்டாவது கால்.
அதே நூல், அதே ஊசி, அதே எண்ணிக்கை.
ஆனாலும் முதலாவதைப் பின்னிய அன்று மழையில்லை,
வாடகை கேட்டு ஆள் வரவில்லை.
இரண்டாவது அரை விரல் நீண்டுவிடும்,
அல்லது இறுகிப்போகும்.
'உண்மை நகல்' என்று நாளுக்கு நூறு முத்திரை விழும் தெருவில்
என் கையால் ஒரு நகல் எடுக்க முடியவில்லை.

குமாஸ்தா தாணுலிங்கம் ஒருநாள் குனிந்தார்,
உருண்டுபோன ஸ்டாம்பு பேட் மூடியை எடுக்க.
எடுத்தார். நிமிர்ந்தார்.
இருபது பக்கத்துக்குச் சில்லறை எண்ணி வைத்தார்.
ஒரு வார்த்தை இல்லை.

எட்டாம் நாள்,
கோர்ட் சாப்பிடப் போன நேரம் வந்து
செருப்பைக் கழற்றினார்.
இடது காலில் சுண்டுவிரலும் அடுத்ததும் இல்லை.
"சர்க்கரை கொண்டுபோச்சு.
கடையில உள்ளதெல்லாம்
ரெண்டு காலும் ஒண்ணுண்ணு நெனச்சுல்லா செஞ்சு வச்சிருக்கானுவ."

டேப் இல்லை.
மெஷின் கண்ணாடியைத் துடைத்தேன்.
ஸ்டூலில் உட்கார்ந்து, பாரம் கொடுக்காமல்,
பாதத்தை மெல்ல வைத்தார்.
குதிகாலில் தொடங்கிய பச்சை வெளிச்சம்
விரல் இல்லாத இடம்வரை நடந்து போனது.
"கூசுது" என்று சிரித்தார்.
அவருக்கு அத்தனை பல் உண்டென்று அன்றுதான் தெரியும்.
அசல் அளவு, இரண்டு தாள், நாலு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.

கறுப்புதான் கேட்பார் என்றிருந்தேன்.
கடவத்துக்குள் கைவிட்டு நெடுநேரம் துழாவி
பெயரில்லாத அந்தக் கண்டை எடுத்து
வாசல் வெயிலில் ஒருதரம், ட்யூப்லைட்டில் ஒருதரம் பிடித்து
"கொள்ளாம்" என்றார்.
அதற்கு இப்போது அதுதான் பெயர்.

வலது கால் முடிந்துவிட்டது, கொள்ளாம் நிறத்தில்.
இடதை இன்று தொடங்கியிருக்கிறேன்,
பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்காமல்.
பதினாலு காப்பி அமீனா அறிக்கை காத்துக் கிடக்கிறது.
குதிகால் திரும்பட்டும், எடுக்கிறேன்.