நான்காம் பாடம்: வைத்தியரிடம்

திங்கள் உயிர்வேதியியல். செவ்வாய் குருதியியல்.
புதன் முழுக்க நுணுக்குக்காட்டியில் ஒற்றைக் கண்.
சனிக்கிழமை பேராதனையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறி
பேக்கரி மாடியில் ஜப்பான் மொழி.
பாண் வேகும் வாசனையில்தான்
எனக்கு அந்த எழுத்துகள் ஏறின.

"ரெண்டும் எதுக்கு?"
விடுதி அறையில் பியூமி கேட்டாள்.
உயர்தரப் பெறுபேறு இதைத் தந்தது,
அதை நானாக எடுத்தேன்.
வேறு பதில் இன்றைக்கும் இல்லை.

நான்காம் பாடம், 'வைத்தியரிடம்'.
போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி,
நோயாளியின் முகம் வெறும் மைத்திட்டு.
ஆனால் அவன் வலிக்குத்தான் எத்தனை பெயர்!
முள்ளாய்க் குத்தினால் ச்சிகுச்சிகு,
வயிற்றைத் துளைத்தால் கிரிகிரி,
வெயிலில் தோல் எரிந்தால் ஹிரிஹிரி.
பியூமி விழுந்து விழுந்து சிரித்தாள்:
அவள் மொழியில் ஹிரி என்றால் மரத்துப்போதல்.
நாடித் துடிப்போடு சேர்ந்து தெறித்தால்
ஸுகிஸுகி.

பென்சிலை வைத்துவிட்டேன்.
இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது:
பத்தாம் வகுப்பில் இரண்டு புள்ளிக்காக
மனப்பாடம் செய்த வரி
கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது.

வலி என்ற எழுத்துக்குப் பன்னிரண்டு கோடு.
மேலே ஒரு சாய்ப்புக் கூரை,
இடப்பக்கம் இரண்டு துளி.
லயத்தில் மழைக்கு ஒழுகுமே, அப்படியே.
நோயைக் குறிக்கும் எழுத்துகள் பலதுக்கும்
இதுதான் கூரையாம்.
யாரோ எங்கள் வீட்டைப் பார்த்து வரைந்த மாதிரி.

மூன்றாம் ஆண்டு. நாவலப்பிட்டி ஆஸ்பத்திரி,
ஆய்வுகூடத்தில் ஆறு வாரப் பயிற்சி.
ஒரு வியாழன் தாதி ஓடி வந்தாள்:
"நங்கி, தெமிழ தன்னவாத?"
தெரியும். அது ஒன்றுதான் யாரும் கட்டணம் கேட்காமல் தெரிந்தது.

கட்டிலோரம் பவுனம்மாள்.
வலது பெருவிரலில் துணி. கொழுந்து கிள்ளும் விரல்.
டொக்டர் என்னைவிட நாலு வயது மூப்பு இருக்கலாம்,
இரவுப் பணி முடியாத கண்.
"ரிதெனவாத?" என்று கேட்டிருக்கிறார்,
"ரிதெனவா" என்றிருக்கிறாள்.
அட்டையில் வலி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி,
மாத்திரை மூன்று நாளைக்கு.

"எப்படி வலிக்குதுங்க?"
அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
இதை இதுவரை யாரும் கேட்காதவள் போல.
"பகல்ல கடுகடுன்னு இருக்கும் புள்ள.
ராவானா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.
கையத் தொங்கவிட்டா உசிரு போயிரும்,
தலைக்கு மேல தூக்கிக்கிட்டே தூங்குறேன்."

எனக்கு முதலில் வந்தது ஸுகிஸுகி.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வெட்கம்.
பிறகு இங்கிலீஷ் வந்தது, பாடப்புத்தக இங்கிலீஷ்,
கடைசியில் கைவிரலை மடக்கி மடக்கி விரித்து
சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்:
நாடி மாதிரி, இரவில், தொங்கவிட்டால் கூட.

டொக்டர் பேனாவை மூடினார்.
துணியை அவிழ்த்து நகத்தடியை அழுத்திப் பார்த்தார்.
உள்ளே சீழ்.
"பழுத்திருச்சா?" என்றாள் பவுனம்மாள்,
"நாலு நாளா அதைத்தான் சொல்றேன்."
எந்த மொழியில் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

கீறிக் கட்டிய பிறகு
ரத்தம் எடுக்க நானே போனேன்.
"கம்பஸ்ல என்னா படிக்கிற?"
"ரத்தந்தாங்க."
"அதுல படிக்க என்னா இருக்கு?"
குழாயை மெல்லச் சாய்த்துக்கொண்டே
"சனிக்கிழமை ஜப்பான் பாஷையும்" என்றேன்.
"ஓ" என்றாள், அது ஏதோ நியாயம் போல.

பிற்பகல் கண்ணாடித் தகட்டில் அவளுடைய வெள்ளணுக்கள்,
கரு மூன்று மடலாய், நான்கு மடலாய்,
கணக்குக்கு மிஞ்சிய கூட்டம்.
எண்ணினேன், பதிந்தேன், கையொப்பம் இட்டேன்.
ஸுகிஸுகிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
விண் விண்ணுக்கும் இல்லை.

சனிக்கிழமை பரீட்சை.
வலி என்று எழுதச் சொன்னார்கள்,
பதினொரு கோடுதான் போட்டிருக்கிறேன்.
ஒரு புள்ளி போயிற்று.
திருத்திய தாளைப் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன்:
கூரை சரி,
இடப்பக்கத்து ஒழுக்கில்
ஒரு துளி குறைவு.