பேரேட்டில் ஒரு கிதார்

சட்டம் கேட்பது நான்கு கட்டம்:
பெயர், பொருள், தொகை, தேதி.
ஓரத்தில் பென்சிலால்
ஐந்தாவதை நானே கிழித்துக்கொண்டேன்:
எதற்காக.

மிசிசிப்பிக் கரை, கிரீன்வில்.
மீன் வறுக்கும் கடைக்கும் சவரக்கடைக்கும் நடுவே
ஃபோங் அடகுக்கடை.
பத்தொன்பது வருடத்தில்
ஒரே கிதார் முப்பத்தொரு தடவை.

ஒசீ பெட்வே.
பகலில் பருத்தி மில், இரவில் ஜூக் கொட்டகை.
கிதாரின் முதுகில் விரிசல், அதன் மேல் பிளாஸ்திரி.
தந்திகளில் மூன்றாவது மட்டும் எப்போதும் புதிது.

மார்ச் ஐம்பத்தெட்டு, எட்டு டாலர்:
டிரம்காரன் வீட்டில் இரட்டைப் பிள்ளை.
ஆகஸ்டில் ஐந்து:
மெம்ஃபிஸுக்கு யாரோ ஒருவனின் பஸ் காசு.
"யார் அவன்?"
"கேக்கலியே, மிஸ் ஃபோங். அழுதுக்கிட்டிருந்தான்."
பிறகு ஒரு ஜாமீன். ஒரு சவப்பெட்டியில் பாதி.
ஒருத்தியின் கோவேறு கழுதைக்கு மருந்து,
அதற்குள் கழுதை செத்துவிட்டது,
காசைத் திருப்பி வாங்க இவருக்குக் கூச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம்
அடகில் கிடப்பதை அவருக்கே இரவல் தருவேன்.
எந்த அடகுக்கடைக்காரியும் செய்யக்கூடாத காரியம்.
ஞாயிறு, கோயில் மணிக்கு முன்னால்
பின்கதவில் சாய்ந்திருக்கும் கிதார்,
சிகரெட்டும் பன்றிக்கொழுப்பும் மணக்க.
சில வாரம் பெட்டிக்குள்
செய்தித்தாளில் சுற்றிய வறுத்த கெளுத்தி.

ஒரே ஒரு ராத்திரி வெளியே நின்று கேட்டேன்.
ஒரு வரியை இரண்டு தரம் பாடினார்.
முதல் தரம் அது துக்கச் செய்தி.
இரண்டாம் தரம், அதே சொல்தான்,
உள்ளே தரை அதிர ஆடினார்கள்.

டெல்மஸ் ரேஃபோர்ட், ஹார்மோனிகா.
இவர் பாட்டைச் சிகாகோவில் தன் பெயரில் பதித்தவன்.
காசு போட்டால் பாடும் பெட்டியெல்லாம்
அவன் பெயரைச் சொல்லிப் பாடியது.
அறுபத்தேழில் பல்லில்லாமல் திரும்பி வந்தான்.
இருபத்திரண்டு டாலர்: பல்செட்.
"உங்க பாட்டைத் திருடினவனுக்கா?"
"அந்தப் பாட்டைத்தானே
பொக்கை வாயால பாடிக் கெடுக்கறான்."

மில் மூடிய வருஷம்
என் கதவுமணி ஒரு வாரம் அடிக்கவேயில்லை.
ஒசீ வந்தார். மேசையில் ஒரு டாலர்.
"பழைய வட்டி பாக்கி."
அவர் போன பிறகு ஏட்டைப் புரட்டினேன்,
மூன்று தடவை.
பாக்கி எதுவும் இல்லை.
அதை வரவில் எழுதவா,
எந்தப் பெயரில் எழுத?
அன்றைக்கு அரிசி வாங்கினேன்.

முப்பத்தொராவது தடவை நாலு டாலர்.
எதற்காக என்று பென்சிலை எடுத்தேன்.
தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார்.
"எனக்குத்தான்.
ஒரு சட்டை. நீலத்தில் பாத்து வெச்சிருக்கேன்."

பிப்ரவரியில் அடக்கம்.
பெட்டிக்குள் அதே பழைய மில் சட்டை,
காலர் பிய்ந்தது.
நீலச் சட்டை டெல்மஸ் மேல் இருந்தது.
தோள் கொஞ்சம் தொளதொளப்பு.
கண்ணை மூடி ஊதினான்,
அந்தப் பாட்டைத்தான்;
முடித்துவிட்டு முதல் முறையாக
அது யாருடையது என்று சொன்னான்.
அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள்.

கெடு முடிந்து விட்டது; விற்கலாம், சட்டப்படி.
கொக்கியில் தொங்குகிறது.
நேற்று நாலில் ஒன்றைக் கழித்து
மூன்று என்று திருத்தினேன்.
காரணக் கட்டத்தில்
பென்சில் முனை உடைந்தது.
நாளை சனிக்கிழமை.