ஞாயிறு நாலு மணி

எங்கள் குழுவுக்குப் பெயர் அதுதான்.
வேறு நல்ல பெயர் வைக்கலாமென்று
ஒரு ஞாயிறு நாலு மணிக்குக் கூடினோம்.
முடிவாகவில்லை.

அயனாவரத்தில்
கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
பிளாஸ்டிக் நாற்காலி இருபத்தாறு.
ஒன்றுக்கு மட்டும் ஒரு கை உடைந்திருக்கும்,
அதில்தான் ராஜாக்கள் உட்காருவார்கள்.

இந்த வருஷம் நான்கு நாடகம்.
டிசம்பர் வேண்டாம், மழை என்றார் லூர்துசாமி.
மழைக்குப் போக ஆயிரம் இடம், நமக்கு இது ஒண்ணுதான்
என்றாள் மோகனவல்லி.
டிசம்பரும் நோட்டில் ஏறியது.
போன வருஷ மீதி:
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்,
யாரோ விட்டுப்போன குடை ஒன்று.

ஜூனில் நின்றுபோன லிஃப்ட்.
மூன்று பேர், ஒரு மணி நேரம்.
செட்டுக்குச் செலவில்லை,
தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம்.
ஒத்திகை நடுவில் ஏழுமலை அண்ணன்
தண்ணீர் குடிக்கக் கோட்டைத் தாண்டினார்.
"அண்ணே, விழுந்துடுவீங்க!"
அலறிவிட்டாள் ஷமீமா.
அப்புறம் யாருமே அந்தக் கோட்டைத் தாண்டவில்லை,
டீ வந்தபோதுகூட.

ஆகஸ்ட் நாடகத்தில் பேச்சைவிட மௌனம் அதிகம்.
எழுதிய பெனடிக்டா எண்ணி வைத்திருக்கிறாள்: பதினேழு.
ஒவ்வொன்றிலும்
பூமிக்கடியில் மெட்ரோ எந்திரம் மண் குடைவது
நாற்காலிக் கால் வழியே ஏறி
முதுகுத்தண்டுக்கு வந்துவிடுகிறது.
நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்கப் போனோம்.
தலைக்கவசம் கழற்றாமல் முழுக்கக் கேட்டார் அந்த இன்ஜினியர்.
என்ன கதை என்றார்.
அண்ணன் தம்பி வீட்டைப் பங்கு போடுகிறார்கள் என்றோம்.
"அப்ப சத்தம் இருக்கட்டுமே, சார்."

இருக்கிறது.
முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி,
இரண்டு கையும் உள்ளது.

அக்டோபரில் சிரிப்பு நாடகம்.
பாத்திரங்கள் பதினொன்று, ஆட்கள் எட்டு.
மூன்றாம் காட்சியில் போலீஸ்காரர்
காணாமல்போன ஆட்டைத் தேடுகிறார்.
இரண்டும் குப்புராஜ்தான்.
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நான் யாரென்று சொல்லவில்லையே.
பகலில் மின்வாரியம், வீடு வீடாக மீட்டர் ரீடிங்.
ஞாயிற்றுக்கிழமை
திரைக்குப் பக்கத்தில் நோட்டும் பென்டார்ச்சுமாக நிற்பவள்.
ஒன்பது வருஷமாக
மறந்த வரியை எடுத்துக் கொடுக்கிறேன்.
எத்தனை பேருடைய கோபம் என் தாடையில் இருக்கிறது,
இரண்டு மரணப்படுக்கை, ஒரு காதல் சம்மதம்.
என் வீட்டுச் சண்டையில்
சரியான வரி மறுநாள் காலை,
ஏதோ ஒரு தெருவில், பத்தாவது மீட்டருக்கு முன்னால்தான் வரும்.

டிசம்பர் நாடகத்துக்குத் தலைப்பு இல்லை.
ஓட்டேரி பஸ் நிறுத்தம், வராத 29சி.
வருகிறவர்களெல்லாம் பேசுகிறார்கள், போகிறார்கள்.
ஒரு பெண் மட்டும் தொடக்கத்திலிருந்து நிற்கிறாள்.
அவளுக்கு ஒரு வசனமும் கிடையாது.
இதுக்கு யாரு என்றார் லூர்துசாமி.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நின்றேன்.
குப்புராஜ் தன் கடன்கதையைத் தொடங்கினார்.
"வாய மூடு, பாக்கியம்" என்றாள் மோகனவல்லி.
நான் பேசவில்லை.
உதடு அசைந்திருக்கிறது.
ஷமீமா பேசும்போதும் அசைந்தது,
ஏழுமலை அண்ணன் அழும்போதும்.
பல்லைக் கடித்துப் பார்த்தேன், தொண்டை அசைந்தது.
மூன்று ஞாயிறு இதே பாடு.
நாலாவது ஞாயிறு மோகனவல்லி
நிறுத்தச் சொல்லவில்லை.
தாடையில் கை ஊன்றிப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"சரி, அசையட்டும்" என்றாள்,
பென்சிலால் எதையோ அடித்தாள்.

ஆகவே டிசம்பருக்கு
வரி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவை.
சம்பளம் இல்லை, டீ உண்டு.
நாலு மணிக்கு முன்னால் வர வேண்டாம்,
கீழே கிரைண்டர் ஓட்டிப் பார்ப்பார்கள், கூப்பிட்டால் கேட்காது.
மாடிப்படியில் ஏழாவது படி கொஞ்சம் ஆடும்.
குடை உங்களுடையதாக இருந்தால்
எடுத்துக்கொள்ளலாம்.